கடலோரக் குதிரைக்கு எந்தச் சேணத் துணி?

சேணத் துணி வாங்குகிறவர் முதலில் செய்வது, துணியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கிப் பார்ப்பது. விரல் உள்ளே புதைந்தால் திருப்தி. தட்டையாக இருந்தால் துணி திரும்பத் தட்டுக்கே போகிறது. குதிரை மேலுள்ள பிரியத்தால்தான் அப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தச் சோதனை துணியைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு நொடி அகப்படும் துணி வேறு. சேணமும் அதன் மேல் ஓர் ஆளும் அமர்ந்திருக்க, வியர்த்து அசையும் ஒரு முதுகின் மேல் மணிக்கணக்காகக் கிடக்கும் துணி வேறு. இலங்கையின் நுரைச்சோலை போன்ற மணற்கரையில் குதிரைக்குச் சுகம் தருவது பருத்த மெத்தை அல்ல என்பது இந்தத் தையல் தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. மெல்லியதாக, ஈரம் குடிப்பதாக, முதுகின் வளைவுக்கு வெட்டியதாக, அன்றாடம் அலசக்கூடியதாக இருக்கும் துணியே இங்கே நல்ல துணி. இதை மறுப்பவர்கள் பலர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், துணி எதன் மேல் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு மேடு இருக்கிறது. தோள்மேடு என்போம். முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீளும் முட்கள் அந்த இடத்தில் தோலுக்கு மிக அண்மையில் நிற்கின்றன; அவற்றை மூடத் தசை அதிகமில்லை. அங்கிருந்து பின்னோக்கி, முதுகெலும்பின் இரு பக்கமும் நீளமாக ஓடும் தசைகள்தான் பாரம் தாங்கக் கூடியவை. நல்ல சேணம் அந்த இரு தசைகளின் மேல் மட்டும் உட்கார்ந்து, நடுவில் முதுகெலும்புக்கு மேலே ஒரு பள்ளத்தை விட்டிருக்கும். சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டம் பெரும்பாலும் மரத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ ஆனது; சவாரியின்போது அதன் அகலம் மாறாது. அளவாகப் பொருந்திய சட்டத்தின் கீழே ஒரு விரல் பருமன் மெத்தையைக் கூட்டினால், குதிரையின் முதுகு அந்த அளவுக்கு அகன்றுவிட்டதாகவே சேணத்துக்குப் படும். மாரியில் ஊறிய கதவு நிலைக்குள் இறுகுவது போல, சட்டத்தின் முன்கால்கள் இரண்டும் தோள்மேட்டின் இரு பக்கமும் இறுகும். வயிற்று வாரை இழுத்துக் கட்டியதும் அந்த இறுக்கம் இன்னும் கூடும். விரலுக்கு மெதுவாகத் தெரிந்த அதே துணி, உரிமையாளர் எந்த இடத்தைக் காக்க நினைத்தாரோ அந்த இடத்தையே கவ்விப் பிடிக்கிறது.

தடித்த துணிக்கு இன்னொரு குணம் உண்டு. பருமன் கூடக் கூட, சேணத்துக்கும் முதுகுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து சேணம் பக்கவாட்டில் உருள்கிறது. உருளும் சேணத்தை நிறுத்த வாரை இன்னும் இறுக்குகிறார்கள். குதிரை மூச்சு விடும்போது விரிய வேண்டிய மார்புக்கூட்டின் மேல் இப்போது இன்னொரு சுமை. மெத்தை ஒன்றைச் சேர்த்ததில் தொடங்கி, குதிரை வார் கட்டும்போதே காதைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வருவது வரை ஒரு சங்கிலி இருக்கிறது. முரட்டுக் குதிரை என்று பெயர் வாங்கும் பல குதிரைகளின் வார் இப்படி இறுகியதுதான்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று வியன்னாவிலிருந்து வந்தது. அங்குள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பொருத்தமான சேணத்தின் கீழே நான்கு விதமான விரிப்புகளை மாற்றி மாற்றி வைத்து, அழுத்தத்தை அளக்கும் மின்னணுப் பாயால் முதுகில் விழும் விசையைக் கணக்கிட்டார்கள்: ஜெல், தோல், நுரைப்பஞ்சு, பனிமானின் உரோமத்தோல். விரிப்பே இல்லாத நிலையோடு ஒப்பிட்டபோது, உரோமத்தோல் உச்ச விசையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. ஆகவே மெத்தை உதவும் என்பது நிரூபணமாகிவிட்டதே என்று கேட்கலாம். உதவும்தான். ஆனால் அந்த ஆய்வை முழுதாகப் படித்தால் தடிப்பை நம்புகிறவருக்கு அது துணை வராது. நான்கில் ஒன்றுதான் அந்தப் பலனைத் தந்தது. கடையில் கையால் அமுக்கும்போது ஆளை மயக்கும் ஜெல்லும் நுரைப்பஞ்சும் தரவில்லை. பலன் தந்தது ஒவ்வொரு மயிரும் தனித்தனியே வளைந்து நிமிரும் இயற்கை நார். அதுவும் முதலிலேயே பொருந்திய சேணத்தின் கீழே, சீரான ஓட்டப்பட்டியின் மேல். என் முடிவும் அதுவே: பஞ்சின் பருமனை விட்டுவிட்டு நாரின் குணத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கரையில் அந்த நாருக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நுரைச்சோலை என்றால் நாட்டுக்கு நினைவு வருவது அனல்மின் நிலையம். குதிரைக்குப் பேர்போன ஊர் இதுவல்ல. நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் சேணமே அறியாமல் மேய்கின்றன. நுவரெலியாவில் கிறெகரி வாவிக் கரையில் பயணிகளை ஏற்றி நடக்கும் மட்டக்குதிரைகள் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே பனியும் தூறலும் குளிரும். அந்தக் குளிருக்குச் சரியாக இருக்கும் கம்பளி மெத்தையை அப்படியே கொண்டுவந்து, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் சூழ்ந்த இந்த மணல் நாக்கின் மேல் நிற்கும் குதிரைக்குப் போட்டால் அதே பலன் கிடைக்காது. மூன்று காரணங்கள்: வெக்கை, மணல், உப்பு.

வெக்கையிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் ஆளைக் கொல்வது. குதிரையின் தசை எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே ஓட்டமாகிறது. எஞ்சியது உடலுக்குள் சூடாகவே தங்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றக் குதிரைக்கு இருக்கும் முதன்மையான வழி வியர்வை. கடும் வெக்கையில் கடினமாக உழைக்கும் குதிரை மணிக்குப் பத்து லீற்றருக்கும் மேல் வியர்வையாக இழக்கும். ஆனால் வியர்த்தால் மட்டும் உடல் குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். பங்குனி, சித்திரையில் காற்று செத்துக் கிடக்கும் நாட்களில், ஈரப்பதம் நிறைந்த கடலோரக் காற்றில் அது மெதுவாகத்தான் ஆவியாகும். இந்த நிலையில் முதுகின் பெரும்பகுதியைப் பருத்த நுரைப்பஞ்சாலும் நியோப்ரீனாலும் மூடுவது, விலங்குக்கு இருக்கிற பெரிய சாளரத்தைச் சாத்துவதற்குச் சமம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தப் பிரச்சினை இல்லையே என்பார்கள். அருகிலுள்ள மாம்புரியில் காற்றாலைகள் சுழலும் அளவுக்கு இங்கே காற்று உண்டுதான். அது கழுத்தையும் விலாவையும் ஆற்றும். இறுகக் கட்டிய சேணத்தின் அடியில் நுழையாது. அங்கே ஈரத்தை எடுத்துச் செல்லக்கூடியது துணியின் நார் மட்டும்தான். கம்பளி நார் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பருத்தி அதைவிடக் குறைவு. ஆனாலும் தாராளமாகக் குடிக்கும். பொலியெஸ்டர் நார் ஈரத்தை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. ஈரத்தை ஓரத்துக்குக் கடத்தும்படி நெய்த புதிய வலைத்துணிகள் இதற்கு விலக்கு. அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது, வெளியே பருத்தி போலத் தோன்றி உள்ளே வெறும் செயற்கைப் பஞ்சு அடைத்த துணிகளை. மேல்துணி குடித்த வியர்வை பஞ்சில் நின்று, அங்கேயே சூடாகி, முதுகை அவிக்கிறது.

எடையையும் இங்கே சொல்ல வேண்டும். ஆள், சேணம், துணி எல்லாம் சேர்த்துக் குதிரையின் உடல் எடையில் 20 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அமெரிக்காவின் ஒகையோவில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமை 25 வீதத்தைத் தொட்டு மேலே போகையில் குதிரைகளின் முதுகுத் தசையில் நோவும் இறுக்கமும் கூடின. எங்கள் நாட்டில் பயன்படும் மட்டக்குதிரை 300 கிலோ இருந்தால் எல்லை 60 கிலோ. சற்றுப் பருமனான ஓர் ஆள் ஏறினாலே அது முடிந்துவிடுகிறது. வியர்வையில் ஊறிய பருத்த மெத்தை ஓரிரு கிலோவை அதன் மேல் ஏற்றுகிறது. அற்பம் என்று தோன்றலாம். ஆனால் அது குதிரையின் சுகத்துக்கென்று நாமே விரும்பி ஏற்றிய எடை.

மணல் விஷயம் வெளியூர்த் தையல்காரர் எவருக்கும் தோன்றாது. கரையோர மணலில் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கிறது. குதிரை உருண்டு எழும்போதும், குளம்பு கிளப்பும்போதும், காற்று வாரும்போதும் அது துணிக்குள் ஏறுகிறது. நீண்ட மயிர் உள்ள செயற்கைக் கம்பளியிலும் ஆட்டுத்தோலிலும் அந்தத் தூள் அடிவேர் வரை இறங்கி நிற்கும். உதறினால் பாதிதான் விழும். கட்டம் கட்டமாகத் தைத்த பஞ்சுத் துணியில் தையல் பள்ளங்கள்தான் அதன் இருப்பிடம். பள்ளத்தில் சேர்ந்த மணல் வியர்வையில் கட்டி பட்டு, ஒவ்வோர் அடிக்கும் தோலை உராய்கிறது. சேணத் துணியின் அடிப்புறத்தை உள்ளங்கையால் மயிரின் எதிர்த்திசையில் தடவிப் பார்த்தால் அது எவ்வளவு கரகரப்பு என்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கைக்குத் தெரியும். ஆட்டுத்தோல் போன்ற உரோமத்தோல் நல்ல பொருள் என்பதை மேலே ஒப்புக்கொண்டேன். நாள்தோறும் சீப்பால் வாரி, வெயில் நேரடியாகப் படாமல் உலர்த்தி, வாரம் ஒருமுறை கையால் அலச ஆள் இருக்கும் இடத்தில் அதைத் தாராளமாக வாங்கலாம். அப்படி ஆள் இல்லாத இடத்தில் நெருங்கி நெய்த, வழுவழுப்பான அடிப்புறம் கொண்ட பருத்தித் துணியே குதிரைக்குக் கருணை. கம்பளியை இறுக்கி அடித்துச் செய்யும் நம்தா இதற்கு இடைப்பட்டது. காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க்கிலும் தலைமுறைகளாகச் செய்யப்படுகிறது. ஒரே பருமன், மயிர் நீட்டமில்லாத முகம், நல்ல குடிப்பு. சுருங்காமல் அலசத் தெரிந்தவருக்கு அது பல ஆண்டு உழைக்கும்.

நம் பழையவர்கள் வெறும் சாக்கை மடித்துப் போட்டுத்தானே சமாளித்தார்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சணல் சாக்கு ஈரம் குடிக்கும், காற்றுப் புகும். அந்த அளவில் அது பல நவீன மெத்தைகளைவிட மேல். அதன் கேடு மடிப்பில். மடிப்பு விளிம்பு விழுந்த இடத்தில் பாரம் ஒரு கோடாகத் திரண்டு தசையை வெட்டுகிறது. சாக்கின் முரட்டு நாரும் மெல்லிய தோலுக்கு ஆகாது. வீட்டில் கிழிந்த பருத்திச் சாரத்தையும் பழைய சேலையையும் ஐந்தாறு மடிப்பாகச் சமமாக அடுக்கி, நடுவில் பஞ்சில்லாமல், நெருக்கமான ஓட்டுத்தையலால் பிணைத்தால் கடைத் துணிக்குச் சற்றும் குறையாத சேணத் துணி கிடைக்கும். வெங்காயமும் மிளகாயும் விளையும் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும் உரப்பையை மட்டும் விலங்கின் முதுகுக்குக் கொண்டு போகவே கூடாது. பிளாஸ்டிக் இழையால் நெய்தது. ஒரு துளி ஈரம் குடிக்காது, அறுத்த ஓரம் தோலைக் கீறும், உர மிச்சம் வியர்வையில் கரைந்து எரிக்கும். படங்குத் துண்டுக்கும் இதே கதைதான்.

வெட்டும் தையலும் துணியின் பாதி. நேர்கோட்டில் வெட்டி நடுவில் மடித்த துணி, கொடியில் தொங்கும்போது அழகாக இருக்கும். குதிரையின் முதுகோ தோள்மேட்டில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, இடுப்பை நோக்கி மீண்டும் எழும் கோடு. நேர்வெட்டுத் துணியின் மேல் சேணம் அமர்ந்ததும் துணி தாழ்ந்த நடுவை நோக்கி இழுபட்டு, தோள்மேட்டின் மேல் பறையின் தோல் போல விறைக்கிறது. ஆகவே நடுத்தையலே அந்த வளைவில் ஓட வேண்டும். அந்த நடுத்தையலும் தடித்த முடிச்சாக இல்லாமல், இரு ஓரங்களையும் விரித்துத் தட்டையாக அமுக்கிய தையலாக இருக்க வேண்டும். ஓரப்பட்டி சேணத்தின் விளிம்புக்குக் கீழே வரக்கூடாது. எல்லாப் பக்கமும் இரண்டு விரல் வெளியே நிற்கும் அளவுக்குத் துணி பெரிதாக இருந்தால் அது வராது. சின்னத் துணி வாங்கிச் சிக்கனம் பிடிக்கிறவர்கள் அந்தப் பட்டியைச் சரியாகப் பாரத்தின் கீழேயே வைத்துவிடுகிறார்கள். உற்பத்தியாளரின் பெயர்ச்சீட்டு அடிப்புறத்தில் தைத்திருந்தால் முதல் வேலையாகப் பிரித்தெடுக்க வேண்டும். சேணம் கட்டும்போது துணியைத் தேவைக்கு ஒரு சாண் முன்னே வைத்து, மயிர் படியும் திசையிலேயே பின்னுக்கு இழுத்து அமர்த்த வேண்டும். முன்னுக்குத் தள்ளினால் மயிர் எதிர்த்து நின்று குத்தும். சேணத்தை வைத்த பின், வார் கட்டும் முன், துணியின் நடுவை இரு விரலால் தூக்கிச் சேணத்தின் பள்ளத்துக்குள் செருக வேண்டும். அந்தப் பள்ளத்தின் வழியே முன்னிருந்து பின்னுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். இந்த ஒரு செயலைத் தவறாமல் செய்கிறவரின் குதிரைக்கு விலை குறைந்த துணியும் சுகமாக இருக்கும்.

எல்லாரிடமும் பொருந்திய சேணம் இருக்கிறதா, இல்லாதவர் மெத்தையால்தானே ஈடு செய்ய வேண்டும் என்பது நான் மிக மதிக்கும் எதிர்வாதம். புதிய சேணத்தின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. ஒருமுறை பொருந்திய சேணமும் குதிரை மெலிந்தால் பொருந்தாது. பழைய குதிரைப்படைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. பிரித்தானியப் படையில் சேணத்தின் கீழே மடித்த கம்பளியைத்தான் விரித்தார்கள். நெடும்பயணத்தில் குதிரை மெலிய மெலிய அதே கம்பளியை வேறு விதமாக மடித்து, குறைந்த இடத்தில் கனத்தைக் கூட்டிக் கொண்டார்கள். அந்த வழியின் சாரம், எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் நிரப்புவது. இன்று அதையே, மெல்லிய துணியின் உள்ளறையில் நம்தாத் துண்டுகளைச் செருகிச் செய்கிறார்கள். நானும் அப்படித் தைத்துத் தருவதை ஆதரிக்கிறேன். சேணம் அகலமாக இருந்து முன்புறம் தாழ்ந்தால் முன்னறைகளில், ஒரு பக்கத் தசை வற்றியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும். ஆனால் சேணம் ஒடுங்கியதாக இருந்தால் எந்தத் துணியும், எந்தத் துண்டும் அதை அகலமாக்காது. அப்போது செய்யக்கூடியது, வேறு சேணம் கிடைக்கும் வரை அந்தக் குதிரையில் ஏறாமல் இருப்பது. இது கடுமையாகத் தெரியலாம். முதுகு புண்ணாகி வாரக்கணக்கில் நிற்கும் குதிரைக்கும் தீனி போட வேண்டியிருக்கும் என்பதை அந்தக் குடும்பமே கணக்குப் பார்க்கட்டும்.

துணி சரிதானா என்று சொல்லும் சாட்சி சவாரி முடிந்ததும் கிடைக்கிறது. அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிய பின் சேணத்தையும் துணியையும் நேராக மேலே தூக்கி எடுத்து, முதுகை உடனே பார்க்க வேண்டும். முதுகெலும்பின் மேல் நீளமாக ஓர் உலர்ந்த கோடு, இரு பக்கமும் ஒரே மாதிரி நனைந்த பட்டைகள்: இதுதான் நல்ல படம். நனைந்த பட்டைக்கு நடுவில் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். அங்கே மயிர் நசுங்கிப் படிந்திருந்தால் மிகை அழுத்தம் வியர்வைச் சுரப்பையே அடைத்திருக்கிறது. மயிர் கலையாமல் குளிர்ச்சியாக இருந்தால் சேணம் அந்த இடத்தைத் தொடவே இல்லை. அப்படியானால் அதன் முன்னும் பின்னும் பாரம் கூடியிருக்கும். மயிர் சுழித்து நின்றால் துணி நழுவியிருக்கிறது. பிறகு விரல் நுனிகளைச் சேர்த்து, முதுகுத் தசை நெடுகச் சீரான அழுத்தத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குதிரை முதுகைத் தாழ்த்தி விலகும் இடம் வலிக்கும் இடம். தோள்மேட்டின் பக்கவாட்டில் தோன்றும் வெள்ளை மயிர்த் திட்டுகள் பழைய காயத்தின் எழுத்து. மயிருக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் அழுத்தத்தில் செத்துப் போனதால் வந்தவை, பெரும்பாலும் மாறாது. குதிரை வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

உப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது துணி வாங்கிய பிறகு தொடரும் வேலை. குதிரையின் வியர்வை மனிதனின் வியர்வையைவிட உப்பு மிகுந்தது. காயும்போது அந்த உப்பு துணியில் வெள்ளைக் கோடாகத் தங்குகிறது. ஈரக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, காய்ந்த துணியையும் பிசுபிசுப்பாக்குகிறது. கடலுக்கு அண்டிய கிணறுகளின் உவர்நீரில் அலசினால் ஓர் உப்பைப் போக்கி இன்னோர் உப்பை ஏற்றுவதுதான் நடக்கும். முதல் அலசலுக்கு எந்த நீரும் ஆகும், கடைசி அலசல் நன்னீராக இருக்க வேண்டும். சவுக்காரம் சிறிதளவு போதும். நுரை மிச்சம் தோலில் சொறியைக் கிளப்பும். தடித்த மெத்தை இந்த இடத்தில்தான் முழுதாகத் தோற்கிறது. அதை நனைக்க நிறைய நன்னீர் வேண்டும், காய இரண்டு நாள் வேண்டும். அதனால் அலசுவது தள்ளிப் போகிறது. அழுக்கான துணியில் படர்தாமரைப் பூஞ்சணம் தங்கி, அதே துணியைப் போட்ட மற்றக் குதிரைக்கும் தாவுகிறது. ஒரு விலங்கின் துணியை இன்னொன்றுக்குப் போடாமல் இருப்பதற்கும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு துணி வைத்திருப்பதற்கும் விலை தடையாக இருக்கக்கூடாது. மெல்லிய துணியானால் இருக்காது.

இந்த நியாயங்கள் குதிரைக்கு மட்டும் உரியவை அல்ல. புத்தளம், கற்பிட்டி, மன்னார்ப் பக்கங்களில் ஒரு காலத்தில் பொதி சுமந்த கழுதைகள் லொறியும் உழவு இயந்திரமும் வந்த பின் பெரும்பாலும் தெருவில் அலைகின்றன. எஞ்சிய சிலவற்றின் மேல் பாரம் ஏற்றுகிறவர்கள் குதிரைத் துணியைக் கழுதைக்கு மாற்றிப் போடக் கூடாது. கழுதைக்குத் தோள்மேடு உயர்ந்திருக்காது, முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தும். ஒரே விரிப்பாகப் போட்டால் பாரம் முழுதும் அந்தக் கூரின் மேல் விழும். அதற்கு வைக்கோலோ தும்போ அடைத்த இரண்டு நீளத் திண்டுகளை, முதுகெலும்பின் இரு பக்கமும் நான்கு விரல் இடைவெளி விட்டு, மேலே இரண்டு பட்டிகளால் இணைத்துத் தைக்க வேண்டும். அங்கே பருமன் தேவை, ஏனென்றால் அந்தப் பருமன்தான் பாரத்தை எலும்பிலிருந்து தூக்கி நிறுத்துகிறது. திண்டின் மேல் கழற்றி அலசக்கூடிய பருத்தி உறை ஒன்று போட்டுவிட்டால் வியர்வைக்கும் வழி பிறக்கும். அந்த உறையைப் பழைய சாரத்திலேயே தைக்கலாம்.